சண்டைக்குப் போனவன் தேசபக்தனா, போக மறுத்தவன் தேசபக்தனா?

1941-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவில் காலை எட்டு மணிகூட ஆகவில்லை. பேர்ல் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த அமெரிக்கப் போர்க் கப்பல்கள்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு மழை பொழிந்தன.

ஹோனலூலு நகரில் அன்று மாதா கோவிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், ரேடியோச் செய்தியைக் கேட்டுத் தெருவுக்கு ஓடி வந்தான். அவனுக்கு வயது 17. பெயர் டேனியல் இனோயி. தலைக்குமேல் பறந்த விமானங்களின் இறக்கையில் சிவப்புச் சூரியன் தெரிந்தது. விமானத்தை ஓட்டியவர்களின் முகமும் அவனுடைய முகமும் ஒரே ஜாடை. அந்த நொடியிலேயே தன் வாழ்க்கை தலைகீழாகப் போய்விட்டது என்று நினைத்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முதலுதவி படித்திருந்த அந்தப் பையன், காயம் பட்டவர்களைத் தூக்கப் போனான். பல நாட்கள் அதே வேலை.

ஜப்பானிலிருந்து பிழைக்க வந்தவர்களை "இசெய்" என்பார்கள். அதாவது முதல் தலைமுறை. அவர்களுக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகள் "நிசெய்". இரண்டாம் தலைமுறை. பிள்ளைகள் பிறப்பினால் அமெரிக்கப் பிரஜைகள். பெற்றோர்களோ எத்தனை வருஷம் உழைத்தாலும் பிரஜை ஆக முடியாது. அப்போதிருந்த சட்டம் அப்படி. 1952-ம் ஆண்டில்தான் அது மாறியது.

இந்த நிசெய்களைப் பற்றிய கதைதான் இது. யுத்தம் நாலு வருஷத்தில் முடிந்துவிட்டது. அவர்களுக்குள் எழுந்த வழக்கு அறுபது வருஷம் ஆகியும் முடியவில்லை.

குதிரை லாயத்தில் குடும்பங்கள்

1942-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ம் எண் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த உத்தரவில் ஜப்பானியர் என்ற சொல்லே இல்லை. ஆனால் மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள்.

கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடையும் படகும் விளைந்து நின்ற வயலும் அடிமாட்டு விலைக்குப் போயின. முதலில் குதிரைப் பந்தய மைதானங்களில் குதிரை கட்டியிருந்த கொட்டகைகளில் பல குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பிறகு பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் கட்டிய பத்து முகாம்களுக்கு ரெயிலில் அனுப்பினார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. கோபுரத்தில் துப்பாக்கியுடன் காவல்காரன்.

குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் சபை நியமித்த விசாரணைக் கமிஷன் 1983-ம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. மேற்குக் கடற்கரை ஜப்பானியர் வேவு பார்த்ததற்கோ நாச வேலை செய்ததற்கோ ஒரு சம்பவத்துக்குக்கூட ஆதாரம் கிடையாது என்று அது சொல்லிவிட்டது. இனத் துவேஷம், யுத்த பீதி, அரசியல் தலைவர்களின் தவறு. இந்த மூன்றும்தான் காரணமாம்.

ஹவாயில் மட்டும் கதை வேறு. அந்தத் தீவுகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஜப்பானிய வம்சத்தவர். எல்லோரையும் அடைத்தால் கரும்புத் தோட்டமும் துறைமுகமும் நின்று போகும். போர்க்கப்பல்கள் முழுகிக் கிடந்த இடத்தில் ஜப்பானியர் வெளியே இருந்தார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருந்தவர்களுக்கு முள்வேலி! பயம் எவ்வளவு நிஜம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இரண்டு கேள்விகள்

யுத்தம் தொடங்கியதும் நிசெய் வாலிபர்களை ராணுவத்துக்கு லாயக்கில்லாத "எதிரி அன்னியர்" பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து சர்க்காரின் மனம் மாறியது. 1943-ம் ஆண்டு பிப்ரவரியில் 442-வது ரெஜிமெண்டு என்ற புதிய படை உருவாயிற்று. அதிகாரிகளில் பெரும்பாலோர் வெள்ளையர். சிப்பாய்கள் எல்லாம் நிசெய். ஹவாயில் 1,500 பேர் வேண்டும் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 10,000 பேர் வந்து வரிசையில் நின்றார்கள். 18 வயதாகியிருந்த இனோயியும் அதில் ஒருவர்.

முகாம்களுக்குள்ளும் ஆள் சேர்க்க அதிகாரிகள் போனார்கள். கூடவே ஒரு கேள்வித்தாளையும் கொண்டு போனார்கள். அதில் 27-வது கேள்வி: எங்கே அனுப்பினாலும் போய்ச் சண்டை போடச் சம்மதமா? 28-வது கேள்வி: ஜப்பான் சக்கரவர்த்தியிடம் உள்ள விசுவாசத்தைக் கைவிட்டு, அமெரிக்காவுக்கு மட்டுமே விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்வாயா?

கேட்டவர்களுக்குச் சுலபமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கண்ணி. இல்லாத விசுவாசத்தை எப்படிக் கைவிடுவது? கைவிடுகிறேன் என்றால் முன்பு இருந்தது என்று ஆகாதா? கிழப் பெற்றோர்களின் பாடு இன்னும் மோசம். அமெரிக்கா அவர்களைப் பிரஜையாக ஏற்காது. ஜப்பானையும் விட்டுவிட்டால் எந்த நாடும் இல்லாத அனாதைகள்!

பெரும்பாலோர் இரண்டுக்கும் "ஆம்" என்று எழுதினார்கள். சிலர் நிபந்தனை போட்டார்கள். சிலர் கோபத்தில் "இல்லை, இல்லை" என்று எழுதினார்கள். அப்படி எழுதியவர்களைப் பிரித்து டூலி லேக் என்ற முகாமுக்கு அனுப்பினார்கள். முகாம்களிலிருந்து சொந்த விருப்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் சுமார் 1,200 பேர். ஹவாய்க் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலியின் வேலை புரியும்.

தேங்காய் விழுகிற சத்தம்

மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் ஷெல்பி முகாமில் இரு தரப்பாருக்கும் ஒன்றாகப் பயிற்சி. ஆனால் ஒத்துப் போகவில்லை. ஹவாய்ப் பையன்கள் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள். கையில் காசு தங்காது. பெரு நிலத்திலிருந்து வந்தவர்கள் சிரிப்பதில்லை, செலவழிப்பதில்லை. சம்பளத்தை எல்லாம் எங்கோ அனுப்பிவிடுவார்கள். இவர்களுக்கு ஹவாய்க்காரர்கள் "கொடொங்க்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். காய்ந்த தேங்காய் தரையில் விழுகிற சத்தம் அது. மண்டையைத் தட்டினால் காலித் தேங்காய்ச் சத்தம் கேட்கிறது என்று கேலி! தினம் அடிதடி. ரெஜிமெண்டைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சுகூட வந்ததாம்.

அதிகாரிகள் ஒரு யோசனை செய்தார்கள். ஹவாய்ப் பையன்களைப் பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து ஆர்க்கன்ஸா மாகாணத்திலிருந்த ஒரு முகாமுக்கு விருந்தாளிகளாக அனுப்பினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள் பையன்கள். ஜப்பானியக் குடும்பங்கள் விருந்து வைக்கப் போகின்றன, பெண்களோடு நடனம் ஆடலாம் என்று எண்ணம்.

பஸ் நின்ற இடத்தில் முள்கம்பி வேலியும், துப்பாக்கிக் காவலும், வரிசை வரிசையாகக் கொட்டகைகளும் இருந்தன. உள்ளே இருந்தவர்கள் தங்கள் ரேஷனைச் சேர்த்து வைத்து, வந்த பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. "கொடொங்க்" பையன்கள் சம்பளத்தை எங்கே அனுப்பினார்கள் என்பது அப்போது விளங்கியது. ஷெல்பி முகாமில் அதற்குப் பிறகு சண்டை ஓய்ந்தது.

இனோயி அந்த பஸ்ஸில் இருந்தார். தன் குடும்பம் இந்த வேலிக்குள் இருந்திருந்தால் தான் பட்டாளத்தில் சேர்ந்திருப்போமா என்று அன்று தன்னையே கேட்டுக்கொண்டதாகவும், அதற்குப் பதில் தெரியவில்லை என்றும் அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு கையை நாட்டுக்குக் கொடுத்தவர் பேசிய பேச்சு இது.

வேலிக்குள்ளிருந்து ஒரு குரல்

1944-ம் ஆண்டு ஜனவரியில் கட்டாய ராணுவ சேவை நிசெய்களுக்கும் உண்டு என்று உத்தரவாயிற்று. வயோமிங் மாகாணத்தில் ஹார்ட் மௌண்டன் என்ற முகாம். அங்கே சில வாலிபர்கள் கூடிப் பேசினார்கள். "நாங்கள் பிரஜைகளா, இல்லையா? பிரஜைகள் என்றால் வேலியைத் திறந்து, எங்கள் தாய் தகப்பனை வெளியே விடுங்கள். மறுநாளே பட்டாளத்தில் சேருகிறோம்" என்பதே அவர்களுடைய கட்சி. சண்டைக்குப் பயந்தோ, ஜப்பான்மீது பாசம் வைத்தோ அவர்கள் மறுக்கவில்லை.

அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் பிராங்க் எமி. மனைவி மக்களோடு இருந்த அவருக்கு ராணுவ அழைப்பே வராது. கூட்டம் போடாமல் சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதம் 63 பேரை ஷெயென் நகரில் ஒரே வழக்கில் நிறுத்தினார்கள். வயோமிங் மாகாணத்தில் அவ்வளவு பேரை ஒன்றாக நிறுத்திய வழக்கு அதற்கு முன் கிடையாது. எல்லோருக்கும் மூன்று வருஷச் சிறை. பின்னால் இன்னும் 22 பேர் சேர்ந்தார்கள். பிராங்க் எமி உள்படத் தலைவர்கள் ஏழு பேருக்கும் சதிக் குற்றத்துக்காகத் தண்டனை. மேல் கோர்ட்டு 1945-ம் ஆண்டின் கடைசியில் தலைவர்களின் தண்டனையை ரத்து செய்தது.

டூலி லேக் முகாமிலும் இதே போல ஒரு வழக்கு. ஆனால் அங்கே நீதிபதி லூயி குட்மன் வேறு தீர்ப்பு அளித்தார். ஒரு பிரஜையை விசுவாசம் இல்லாதவன் என்று பூட்டி வைத்துக்கொண்டே, சண்டைக்கு வா என்று கட்டாயப்படுத்துவதும், வராவிட்டால் வழக்குப் போடுவதும் மனச்சாட்சி பொறுக்காத காரியம் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். சட்டம் ஒன்றுதான். ஷெயென் நகரில் ஜெயில், கலிபோர்னியாவில் விடுதலை.

மறுத்தவர்களுக்கு ஜெயிலைவிடப் பெரிய தண்டனை சொந்த ஜனங்களிடமிருந்து கிடைத்தது. ஜப்பானிய அமெரிக்கர் சங்கத் தலைவர்கள் அவர்களைத் துரோகிகள் என்று பழித்தார்கள். சங்கத்தின் முக்கியஸ்தர் மைக் மசவோகா, நிசெய்களின் ரத்தத்தால்தான் சந்தேகத்தைக் கழுவ முடியும் என்று வாதாடி, தனிப் படை வேண்டும் என்று கேட்டவர். அவரைக் குறை சொல்பவர்கள் இன்னும் உண்டு. ஆனால் அவர் ஊரான் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. தானும் சேர்ந்தார். சகோதரர்களும் சேர்ந்தார்கள். பென் மசவோகா பிரான்சில் செத்தார்.

211 பேரை மீட்க 800 பேர்

442-வது ரெஜிமெண்டின் கோஷம் சூதாட்டக்காரர் பாஷை. கடைசிக் காசையும் வைத்து ஆடு என்று அர்த்தம். அப்படித்தான் ஆடினார்கள்.

1944-ம் ஆண்டு அக்டோபர் மாதம். பிரான்சில் வோஜ் மலைக் காடு. மழை, பனி, சேறு. டெக்ஸாஸ் மாகாணத்துப் பட்டாளம் ஒன்றை ஜெர்மானியர் மலைமேல் சுற்றி வளைத்துவிட்டார்கள். மீட்கப் போன படைகள் தோற்றுத் திரும்பின. நிசெய்களை அனுப்பினார் தளபதி. மரத்துக்கு மரம் சண்டை. மீண்டவர்கள் 211 பேர். அதற்காக நிசெய்களில் செத்தவர்களும் காயம் பட்டவர்களுமாகச் சுமார் 800 பேர் என்று கணக்கு. "கே" கம்பெனியில் 186 பேர் போய் 17 பேர் மிஞ்சினார்கள். "ஐ" கம்பெனியில் 185 பேர் போய் 8 பேர் மிஞ்சினார்கள்.

இத்தனை பேரைப் பலி கொடுத்தது தேவைதானா, ஜப்பானிய முகம் என்பதால் உயிர் மலிவாகப் போயிற்றா என்ற பேச்சு பழைய சிப்பாய்களிடையே கடைசி வரை இருந்தது. பிள்ளை செத்த தந்தி பல தாய்மார்களுக்கு முள்வேலிக்குள்ளேதான் வந்து சேர்ந்தது.

1945-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி இத்தாலியில் ஒரு குன்றின்மேல் மூன்று இயந்திரத் துப்பாக்கிகள். லெப்டினென்ட் இனோயி வயிற்றில் குண்டு பாய்ந்தும் நிற்கவில்லை. இரண்டை அழித்துவிட்டார். மூன்றாவதன்மேல் வீசக் கையெறி குண்டை ஓங்கியபோது எதிரியின் குண்டு வலது கையைத் துண்டித்துவிட்டது. திரி கழற்றிய குண்டு அந்த உயிரற்ற கையின் பிடிக்குள்! இடது கையால் அதைப் பிடுங்கி வீசினார். டாக்டராக வேண்டும் என்ற ஆசை அன்றோடு போயிற்று.

ஊர் திரும்பும் வழியில் சான்பிரான்சிஸ்கோவில் முடி வெட்டிக்கொள்ள ஒரு கடைக்குள் நுழைந்தார். சட்டையில் பதக்கங்கள். ஒரு கை இல்லை. ஜப்பானியனுக்கு இங்கே முடி வெட்டுவதில்லை என்று சொல்லிவிட்டான் கடைக்காரன்.

மிச்சிகனில் ராணுவ ஆஸ்பத்திரியில் இனோயியுடன் இருந்த நோயாளிகளில் ஒருவர் பாப் டோல். இன்னொருவர் பிலிப் ஹார்ட். மூவரும் பிற்காலத்தில் செனட் சபை உறுப்பினர்கள் ஆனார்கள். 1991-ம் ஆண்டு ஜனவரியில் ஈராக்மீது படை எடுக்கலாமா என்று செனட் சபை ஓட்டெடுத்தது. டோல் சரி என்றார். இனோயி கூடாது என்றார். இத்தாலியில் ஒரு வார இடைவெளியில் குண்டடி பட்டவர்கள் இருவரும்.

பிள்ளைகள் கேட்ட கேள்வி

யுத்தத்துக்குப் பிறகு முகாமைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. 1946-ம் ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் மழையில் நின்று ரெஜிமெண்டின் அணிவகுப்பைப் பார்வையிட்டார். எதிரியோடு மட்டுமல்ல, துவேஷத்தோடும் போரிட்டு வென்றீர்கள் என்று பாராட்டினார். 1947-ம் ஆண்டு டிசம்பரில் அதே ட்ரூமன் மறுத்தவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். அதை யாரும் கொண்டாடவில்லை. பின்னால் கொரியாச் சண்டை வந்தபோது, ஜெயிலுக்குப் போனவர்களில் சிலர் பட்டாளத்தில் சேவை செய்தார்கள். அப்போது அவர்கள் வீட்டைச் சுற்றி வேலி இல்லை.

ராணுவத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஜான் ஒகாடா, 1957-ல் ஒரு நாவல் எழுதினார். கதாநாயகன் சண்டைக்குப் போக மறுத்து ஜெயிலுக்குப் போனவன். போய் வந்தவர் போகாதவனுக்காக எழுதிய புத்தகம். நாவலின் பெயர் "நோ நோ பாய்". ஜப்பானிய அமெரிக்கர்களே அதைச் சீந்தவில்லை. 1971-ல் ஒகாடா இறந்தார். 1976-ல் இளைய எழுத்தாளர்கள் அதை மறுபடி அச்சிட்டபோது ஊர் முழுதும் படித்தது.

இடையில் நடந்தது வியட்நாம் யுத்தம். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் அதற்கு எதிராக ஊர்வலம் போனார்கள். எதிரியைக் காட்டும் சொற்களில் தங்கள் முகமே அவமானப்படுவதைக் கண்டார்கள். வீட்டுக்கு வந்து தகப்பன்மாரைக் கேட்டார்கள்: "முகாமுக்குப் போ என்றதும் ஏன் போனீர்கள்? ஒருவர்கூட எதிர்க்கவில்லையா?" எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

1988-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஜனாதிபதி ரீகன் மன்னிப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முகாமில் இருந்து உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர். சர்க்கார் தன் தவறை ஒப்புக்கொண்டுவிட்டது. ஜப்பானிய அமெரிக்கர் சங்கத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. மறுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்பதா என்று 2000-ம் ஆண்டு மாநாட்டில் காரசாரமான விவாதம். செத்துப் போன தோழர்களுக்கு இது அவமானம் என்று பழைய சிப்பாய்கள் பலர் கொதித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. 2002-ம் ஆண்டு மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் சங்கம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. மறுத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

இனோயி எந்தக் கட்சி? துவேஷம் தலைக்கேறிய அந்தக் காலத்தில் சர்க்காரைப் பார்த்து நீ செய்வது தப்பு என்று சொல்வதற்கும் அதே அளவு துணிச்சலும் தேசபக்தியும் வேண்டும் என்று அவர் சொன்னார். பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் மனதுக்குள் புதைத்ததை அவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள் என்பது அவர் கருத்து.

இன்னொரு லெப்டினென்ட்

1987-ம் ஆண்டு ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரத்தைக் காங்கிரஸ் சபை விசாரித்தது. செனட் கமிட்டிக்குத் தலைவர் இனோயி. மேலதிகாரி சொன்னதைச் செய்தேன் என்று சொன்ன ராணுவ அதிகாரி ஆலிவர் நார்த்திடம், சிப்பாய் கீழ்ப்படிய வேண்டியது சட்டப்படியான உத்தரவுக்குத்தான் என்று அவர் எடுத்துக் காட்டினார். நியூரம்பெர்க் விசாரணையையும் நினைவூட்டினார். நார்த்தின் வக்கீல் குதித்து எழுந்து ஆட்சேபித்தார். அந்த நாட்களில் ஒரு கையை நாட்டுக்குக் கொடுத்த மனிதருக்கு, ஜப்பானுக்கே போ என்ற ரீதியில் வசைகள் வந்தன. நார்த் அன்று பலருக்குத் தேசபக்த வீரர்.

2002-ம் ஆண்டு அக்டோபரில் ஈராக் யுத்தத்துக்கு அனுமதி கேட்ட தீர்மானத்தை இனோயி எதிர்த்து ஓட்டளித்தார். யுத்தம் வந்தது. 2006-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, தன் படையோடு ஈராக்குக்குப் புறப்பட மறுத்துவிட்டார் ஒரு லெப்டினென்ட். பெயர் எரன் வடாடா. பிறந்த ஊர் ஹோனலூலு. ஜப்பானிய வம்சம்!

வடாடா கட்டாயத்தின் பேரில் சேர்ந்தவர் அல்ல. 2003-ல் தாமாகச் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானத்துக்கு அனுப்புங்கள், போகிறேன் என்றார். ஈராக் யுத்தம் சட்ட விரோதம், அதில் பங்கு கொண்டால் தானும் குற்றவாளி என்பது அவர் வாதம்.

ஹவாயில் பழைய வழக்கு மறுபடி மூண்டது. 442-வது ரெஜிமெண்டின் கிழவர்களில் பலர் கொதித்தார்கள். அதிகாரியாகப் பதவிப் பிரமாணம் செய்தவன், தன் சிப்பாய்களை மட்டும் சண்டைக்கு அனுப்பிவிட்டு நிற்பதா என்று கேட்டார்கள். நாங்கள் ரத்தம் சிந்திச் சம்பாதித்த பெயரை ஒருவன் கெடுத்துவிட்டான் என்றார்கள். வேறு சில கிழவர்கள் அந்தப் பையனுக்கு ஆதரவாக நின்றார்கள். ஹார்ட் மௌண்டனை அவர்கள் உதாரணம் காட்டினார்கள். அந்த உதாரணம் முழுவதும் பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வேலிக்குள் இருந்தவனுடைய வாதம் தன் உரிமையைப் பற்றியது. வடாடாவின் வாதம் யுத்தத்தைப் பற்றியது.

ராணுவ கோர்ட்டில் 2007-ம் ஆண்டு பிப்ரவரியில் விசாரணை நடந்தது. யுத்தம் சட்டப்படியானதா என்ற வாதத்துக்கு இங்கே இடமில்லை, அது அரசியல் கேள்வி என்று ராணுவ நீதிபதி முன்னதாகவே தீர்மானித்துவிட்டார். விசாரணை பாதியில் செல்லாமல் போயிற்று. ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை நிறுத்தக்கூடாது என்று வேறொரு நீதிபதி மறு விசாரணையைத் தடுத்தார். 2009-ம் ஆண்டு அக்டோபரில் வடாடா ராணுவத்திலிருந்து நீங்கினார். ஜெயில் இல்லை. மரியாதையோடு விடுவித்ததாகச் சான்றும் இல்லை.

2011-ம் ஆண்டு நவம்பரில் நிசெய் சிப்பாய்களுக்குக் காங்கிரஸ் சபை தங்கப் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. சக்கர நாற்காலிகளிலும் தடி ஊன்றியும் வந்தார்கள் கிழவர்கள். மறு ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி இனோயி காலமானார்.